குடை இருந்த இடத்தில் நிலா

உடைந்த கால் எட்டு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் எத்தனை வாரம் ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

நகரப் பேருந்து ஓட்டுகிற நம் டிரைவர், போன வாரம் பள்ளிக்கூட வராந்தாவில் அப்படித்தான் வாயைக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் இரண்டாம் வகுப்பு முடித்தவள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அந்தப் பம்பரம் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நின்றுவிடும். ஒரு வரி படிக்காது. விடுமுறை முடிவதற்குள் படிக்கப் பழகாவிட்டால் மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான் என்றார் டீச்சர்.

"நாப்பது வார்த்தை, டீச்சர். கண்ணை மூடிக்கிட்டுப் படிப்பா," என்றார் டிரைவர், ஊன்றுகோலில் சாய்ந்தபடி.

"அப்படியா? வியாழக்கிழமை மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. கண்ணைத் திறந்துக்கிட்டே படிச்சாப் போதும்."

இன்று வியாழக்கிழமை.

காலையிலிருந்து மழை. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். டிரைவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலியின் மேல் நீட்டி, கையில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டார். இருபது வருடம் ஓட்டிய பேருந்தில் ஒரு கீறல் விழாதவர். பல்பு மாற்ற ஏறிய ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் விழுந்தார். இதை டெப்போவில் யாரிடமும் அவர் இன்னும் சொல்லவில்லை. படிக்கட்டு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கரண்டியால் மாவுக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி கிளம்பலாம். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். இதுதான் அவர் கண்டுபிடித்த விளையாட்டு. பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் நாற்பது வார்த்தைகளை எழுதி, வீடெங்கும் ஒட்டச் சொல்லியிருந்தார். அவர் ஒரு வார்த்தையைச் சொல்வார். பம்பரம் வட்டத் தட்டு ஒன்றை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், அந்தச் சீட்டைக் கண்டுபிடித்து, கையால் அடித்து, உரக்கப் படிக்க வேண்டும். உட்காரச் சொன்னால் அழுகிற பிள்ளை ஓடச் சொன்னதும் சிரித்தாள். முதல் வாரம் பத்து. நான்காவது வாரம் நாற்பதும். மார்தட்டிக்கொள்ள வேறு என்ன வேண்டும்?

"கடைசி டிரிப், பம்பரம். ரெடியா?"

"ரெடி."

டொக், டொக்.

"குடை."

பம்பரம் பறந்தாள். வாசலோரத்துச் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த சீட்டைப் பளீரென்று அடித்தாள்.

"குடை."

டிரைவருக்கு இன்னும் கண் நன்றாகத் தெரியும். அந்தச் சீட்டில் 'நிலா' என்று எழுதியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அப்போதும் நிலாவாகத்தான் இருந்தது.

"பஞ்சு," என்றார்.

வாஷிங் மெஷின் பக்கம் ஓட்டம். பளீர். "பஞ்சு." அந்தச் சீட்டில் 'கடிதம்'.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

"நிலா."

பம்பரம் ஜன்னலுக்கு ஓடி அங்கிருந்த 'ஏணி'யை அடித்து, "நிலா" என்றாள். அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாப்பா?"

"சரி," என்றார் டிரைவர்.

கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள் என்று டீச்சரிடம் சொன்னாரே, அது மட்டும் அப்பட்டமான உண்மை.

மகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க. கையில ஊசி இருக்கு."

"காலையில சீட்டையெல்லாம் எடுத்தியா?"

"ஜன்னல் வழியா சாரல் அடிச்சு வீடெல்லாம் தண்ணி. நனைஞ்சா உங்க ஆறு வார உழைப்பு போயிடுமேன்னு எல்லாத்தையும் பிரிச்சு வச்சு, தரையைத் துடைச்சிட்டு மறுபடி ஒட்டிட்டுத்தான் வந்தேன். ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. இடம் மாறிப்போச்சு."

"சீட்டுதானேங்க. எங்க இருந்தா என்ன?"

எங்கே இருந்தால் என்ன. படிக்கத் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. ஆறு வாரமாக ஒரு சீட்டுகூட நகரவில்லை. இவரால் எழுந்து நகர்த்த முடியாது. புது இடத்தில் டேப் ஒட்டிச் சுவரைக் கெடுக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் வேறு சொல்லியிருந்தார். அதனால் குடை என்றால் செருப்பு அலமாரி, நிலா என்றால் ஜன்னல் என்றே இருந்துவிட்டது.

"அவ படிக்கலம்மா. இடத்தை மனப்பாடம் பண்ணியிருக்கா."



"நாப்பதுமா?"

"நாப்பதும்."

"உங்க பொண்ணுதான், சந்தேகமில்ல," என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "என்னங்க பண்றது? மூணு மணிக்கு டீச்சர் புதுசா ஒரு பக்கத்தை நீட்டுவாங்களே."

"வயித்து வலின்னு சொல்லிடலாமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். இப்ப நிஜமாவே வலிக்குது."

"விளையாடாதீங்க. உண்மையைச் சொல்லிடுங்க."

"டீச்சர்கிட்டயா?"

"முதல்ல அவகிட்ட. ஒண்ணரைக்கு நான் வந்துடறேன்." போன் வைக்கப்பட்டது.

பம்பரம் திரும்பி வந்து, தட்டைச் சுழற்றிக்கொண்டு எதிரே நின்றாள். மூன்றாம் வகுப்பில் தன் தோழியோடு ஒரே பெஞ்சு என்று அவள் நாள்காட்டியில் பள்ளி திறக்கும் நாளுக்கு வட்டம்கூடப் போட்டு வைத்திருக்கிறாள். அந்த வட்டம் டிரைவரின் தலைக்கு நேர் பின்னால் சுவரில் இருந்தது. முதுகில் சுட்டது.

"பம்பரம், அப்பா ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான். நீ கேட்டப்ப, சரின்னு சொன்னேனே. அது சரியில்ல."

அவளுக்குப் புரியவில்லை. செருப்பு அலமாரிக்குப் போனாள். முதன்முறையாக அந்தச் சீட்டை உற்றுப் பார்த்தாள். ஒரு விரலால் முதல் எழுத்தைத் தொட்டாள்.

"இது குடை இல்லையா?"

"இல்லடா. அம்மா சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்க."

"அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அவள் அழுதிருந்தால் டிரைவர் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பம்பரம் உட்கார்ந்தது. ஆறு வாரத்தில் அவருக்குக் கால் வலித்திருக்கிறது, முதுகு வலித்திருக்கிறது. இப்படிப் பயம் வந்ததில்லை.

மணி பத்தேகால்.

நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல நழுவி, தரையில் இறங்கினார். மாவுக்கட்டை முன்னால் தள்ளித் தள்ளி, பின்பக்கத்தால் தேய்த்துக்கொண்டு மேசை வரை போய்ச் சேர்ந்தார். டெப்போவில் யாராவது பார்த்திருந்தால் ஓய்வு பெறும் வரை சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

"அப்பா பஸ் ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல என்ன ஆச்சு தெரியுமா?"

மேசைக்கடியில் தலை மட்டும் கொஞ்சம் திரும்பியது.

"நான் ஸ்டாப் பேரையே படிக்க மாட்டேன். பேக்கரி வந்தா ஒரு ஸ்டாப், நீலக் கேட்டு வந்தா ஒரு ஸ்டாப். அப்படியே மனப்பாடம். ஒருநாள் ரோட்டைத் தோண்டிப் போட்டு, டைவர்ஷன்னு வேற வழியில அனுப்பிட்டாங்க. பேக்கரியும் இல்ல, நீலக் கேட்டும் இல்ல. அறுபது பேரைக் கொண்டுபோய் ஒரு மரக்கடைக்குள்ள நிறுத்திட்டேன்."

மேசைக்கடியிலிருந்து ஒரு மூக்கு உறிஞ்சல். "பலகை விக்கிற கடையா?"

"ஆமா. கடைக்காரர் ரொம்ப சந்தோஷப்பட்டார். ஒரே நேரத்துல அறுபது பேர் வியாபாரத்துக்கு வந்திருக்காங்கன்னு."

"திட்டினாங்களா?"

"அகராதியில இல்லாத வார்த்தையெல்லாம் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வண்டியை மெதுவா உருட்டி, ஒவ்வொரு போர்டா எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு மணி நேரம் லேட்டு. ஆனா வந்து சேர்ந்துட்டேன்."

பம்பரம் வெளியே எட்டிப் பார்த்தாள். "இப்ப எனக்கு டைவர்ஷனா?"

"ஆமா. கத்தரிக்கோல் எங்க இருக்கு?"

அவர் கேட்டபடி அவள் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டு வந்தாள். டிரைவர் நாற்பது வார்த்தைகளையும் எழுத்தெழுத்தாக வெட்டினார். முதல் வெட்டில் பம்பரம் அவர் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்கப்பா. போயிடும்."

"வார்த்தை எங்கயும் போகாது. திரும்ப ஒட்டிக்கலாம்."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த சீட்டை வெட்டுவதற்கு முன் அவரும் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆறு வாரம் அவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது துண்டு துண்டாக விழுந்தது.

எழுத்துகளைத் தரையின் சதுரக் கற்களில், கல்லுக்கு ஒன்றாகப் பரப்பினார்கள். தனித்தனி எழுத்து பெரும்பாலும் அவளுக்குத் தெரியும்; சேர்த்தால்தான் வராது. புது விதி இதுதான்: அப்பா வார்த்தையைச் சொல்ல மாட்டார். கரண்டியால் ஒரு வரிசையைக் காட்டுவார். பம்பரம் ஒவ்வொரு கல்லாகக் குதித்து, எழுத்தைச் சொல்லி, கடைசிக் கல்லில் நின்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொம். "ப."

தொம். "ழ."

தொம். "ம்."

"சேத்துச் சொல்லு."

விழித்தாள். மறுபடி குதித்தாள். மறுபடியும். நான்காவது தடவை கடைசிக் கல்லில் இறங்கும்போது வாயிலிருந்து தானாக விழுந்தது.

"பழம்."

யார் சொன்னது என்பது போல அவளே சுற்றிலும் பார்த்தாள்.

பன்னிரண்டு வரிசையில் ஏழு வந்தது. கொம்பு வைத்த எழுத்தைக் கண்டால் மட்டும் மறுபடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். டிரைவர் தலையைத் திருப்பி மழையைப் பார்த்தார். மகளுக்கு உதவக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்வது இவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியாது. மணி பதினொன்றே முக்கால். ஏழு போதாது. ஒரு பக்கத்தில் ஏழு வார்த்தை மட்டும் இருக்குமா என்ன?

தொம். தொம். தொம்.

கதவுக்கு அடியில் ஒரு தாள் உள்ளே நழுவி வந்தது.

கீழ்வீட்டு நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருந்து பகலில் தூங்குகிறவர். நேரில் வந்து சண்டை போடத் தெரியாதவர், பாவம். இந்த மாதம் இதுபோல இரண்டு தாள் ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டையும் டிரைவர் படித்து, வெட்கப்பட்டு, மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தார்.

"எடுத்துட்டு வாம்மா," என்று கையை நீட்டினார்.

பம்பரம் எடுத்தாள். கொண்டுவரவில்லை. தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்தாள்.

"கு." தொம். "தி." தொம். "க்... க." தொம்.

டிரைவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"குதிக்க." தொம். "வே... ண்." தொம். "டா." தொம்.

அடுத்ததற்காக எம்பியவள், எம்பிய பாதியில் எதையோ மிதித்துவிடக் கூடாது என்பது போல, நுனிக்காலில் சத்தமே இல்லாமல் இறங்கினாள்.

"ம்," என்றாள், ரகசியக் குரலில். "அப்பா. குதிக்க வேண்டாமாம்."

டிரைவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் ஒப்பிக்கவில்லை. அந்தத் தாளுக்கு இந்த வீட்டில் ஓர் இடம் கிடையாது. படித்தாள், பயந்தாள், குரலைத் தணித்தாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

"குதிக்காம எப்படிப்பா படிக்கிறது?"

"நுனிக்காலால தட்டு. எழுத்துக்கு ஒரு தட்டு. மெதுவா."

பம்பரம் தரையைக் கட்டை விரலால் தட்டித் தட்டி மிச்சத்தையும் படித்தாள். "நான்... இரவு... வேலை..." அடுத்த வார்த்தையில் நின்றாள். அதைத் தாண்ட முடியவில்லை.

*

ஒன்றரைக்கு மனைவி நனைந்துகொண்டு வந்தாள். தரையெல்லாம் வெட்டிய எழுத்துகளும், நடுவில் உட்கார்ந்திருந்த புருஷனும், நுனிக்காலில் நடந்துகொண்டிருந்த மகளும் கண்ணில் பட்டார்கள்.

"என்னங்க கோலம் இது?"

"ஷ்," என்றாள் பம்பரம். "கீழ தூங்கறாங்க."

வாடகைக் காரில் போகும்போது டிரைவர் பின்சீட்டில் இல்லாத பிரேக்கை நல்ல காலால் பதினேழு தடவை மிதித்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பம்பரம் கடைப் பலகைகளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பாதிப் பலகை முடிவதற்குள் கார் தாண்டிவிடும்.

"மெதுவாப் போகச் சொல்லுங்கப்பா," என்றாள்.

மூன்று மணிக்கு டீச்சர் அவளை மட்டும் வகுப்பறைக்குள் அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வராந்தாவில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. மனைவி முழங்கால் முகவாயில் இடிக்கவும், டிரைவர் மாவுக்கட்டை முன்னால் நீட்டியும் உட்கார்ந்தார்கள். வகுப்பறை ஜன்னலின் மேல்பாதியில் படங்கள் ஒட்டியிருந்தன. கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாக மேசைக்கு அடிப்புறம் மட்டும் தெரிந்தது. டீச்சரின் செருப்பு. பம்பரத்தின் வெள்ளை ஷூ.

அந்த வெள்ளை ஷூ தரையைத் தொடவில்லை. நாற்காலி உயரம். கால்கள் இரண்டும் ஒரு சாண் மேலே, அசையாமல் தொங்கின.

"கால் எட்டலியே," என்றார் டிரைவர்.

"எட்டினா என்ன, எட்டாட்டி என்ன? படிக்கிறது வாய்தானே?"

"உனக்குத் தெரியாதும்மா. நீ காலையில இல்ல."

ஷூ தொங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. சிவப்பு விளக்கில் நிற்கிற நேரம் ஓட்டுகிறவனுக்கு ஒரு கணக்கு, கடிகாரத்துக்கு ஒரு கணக்கு. எழுந்து உள்ளே போய் ஒரு முக்காலி கொடுங்கள் டீச்சர் என்று கேட்டுவிடலாமா? ஊன்றுகோலைப் பிடித்தார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

அப்போது உள்ளே இருந்த வெள்ளை ஷூ கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். பம்பரம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். ஷூவின் நுனி தரையைத் தொட்டது.

ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

"என்னங்க பண்றா?"

"வண்டி கிளம்பிடுச்சு," என்றார் டிரைவர்.

குரல் கேட்கவில்லை. கால் மட்டும் தெரிந்தது. அவர் எண்ணினார். முப்பதுவரை சீராகப் போனது. முப்பத்தொன்றில் நின்றது. மனைவியின் நகம் அவர் மணிக்கட்டில் இறங்கியது. ஊசி போடுகிற கை அல்லவா, இடம் பார்த்துத்தான் இறங்கியது. ஷூ பின்னால் போய், தட்டின இடத்தையே மறுபடி தட்டியது. மறுபடி. பிறகு தாண்டியது.

கதவு திறந்தபோது மழை விட்டிருந்தது. டீச்சர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"வீட்டுல போய்ப் படிச்சிட்டு, கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொடுத்தனுப்புங்க."

"டீச்சர், எப்படி..."

"எல்லாம் அதுல எழுதியிருக்கேன்." அவர் உள்ளே போய்விட்டார்.

டிரைவர் தாளைப் பிரிக்கப் போனார். ஒரு சின்னக் கை அதைப் பிடுங்கியது.

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்காங்க? நான்தான் படிப்பேன்."

"கொடும்மா, அப்பா வேகமா..." என்று ஆரம்பித்த மனைவி, புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வராந்தாவின் நடுவில் நின்று பம்பரம் தாளைப் பிரித்தாள். நுனிக்கால் தட்டியது. பெற்றவர்கள் இருவரும் தாளை எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்காமலிருக்க டிரைவர் எதிரே இருந்த தூணை உற்றுப் பார்த்தார். தூணில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"இ... வ... ள். இவள். மூ... ன்... றா... ம். மூன்றாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வகுப்பு... வகுப்புக்கு."

மூன்றாம் வகுப்புக்கு. போகலாமா, போகக் கூடாதா? ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு பிரேக் இல்லாமல் இறக்கத்தில் போவது எப்படி இருக்கும் என்று டிரைவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

"வ... ர... லா... ம்."

தலையைத் தூக்கினாள். "வரலாம். அப்பா, வரலாமாம்."

மனைவி அந்தச் சின்ன பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டிரைவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு மகளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். ஊன்றுகோல் தடாலென்று விழுந்தது.

"ஷ்," என்றாள் பம்பரம். "இன்னும் முடியல."

கால் மறுபடி தட்டியது. மூன்று தட்டு. அவள் முகம் மலர்ந்தது.

"ஆனால். இது எனக்கு ரொம்ப ஈஸிப்பா. அம்மா தினமும் சொல்ற வார்த்தை."

நீட்டிய கைகளோடு டிரைவர் அப்படியே நின்றார். அந்த 'ஆனால்' என்பதற்குக் கீழே, டீச்சரின் நெருக்கமான கையெழுத்தில், இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

வெள்ளை ஷூ, அவசரமே இல்லாமல், அடுத்த எழுத்துக்கு இறங்கியது.